சிசிஐஇ எண்டர்பிரைஸ் லேப் தேர்வு: இரண்டு முறை கட்டணம் செலுத்தியவனின் மதிப்புரை

ஒரு தேர்வுக்கு மதிப்புரை எழுதுவது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு முறை அமர்வதற்கு 1600 அமெரிக்க டாலர், அதாவது வரியும் பயணச் செலவும் சேராமலேயே ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல், சொந்தக் கையிலிருந்து கொடுத்து வாங்கும் எதைப் பற்றியும் தீர விசாரித்துக்கொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. நெட்வொர்க் சாதனங்கள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம், நெட்வொர்க் பொறியாளர்களுக்கு வழங்கும் உயர்நிலைச் சான்றிதழ் சிசிஐஇ. அதன் எண்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிரிவின் லேப் தேர்வை, அதாவது செய்முறைத் தேர்வை, நான் பெங்களூரில் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை தோற்றேன். இரண்டாம் முறை தேறினேன். இடைப்பட்ட மாதங்களில் என் தொழில்நுட்ப அறிவு ஒன்றும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. கேள்வியை வாசிக்கும் விதத்தையும், செய்து முடித்ததைச் சரிபார்க்கும் விதத்தையும் மட்டுமே மாற்றிக்கொண்டேன். தேர்வின் உள்ளடக்கத்தை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே நம்மை எழுத அனுமதிக்கிறார்கள் என்பதால், கீழே வரும் தொழில்நுட்ப உதாரணங்கள் அனைத்தும் என் வீட்டுப் பயிற்சி மேசையில் நடந்தவை. தேர்வறையிலிருந்து ஒன்றுகூட இல்லை.

இந்தச் சான்றிதழ் 1993இல் தொடங்கியது. சான்றிதழ் எண்களில் முதலாவதான 1024ஐத் தேர்வு நடந்த ஆய்வகத்துக்கே சூட்டிவிட்டு, மனிதர்களுக்கு 1025இலிருந்து எண் கொடுக்கத் தொடங்கினார்கள் என்பது இத்துறையில் மூத்தவர்கள் புதியவர்களுக்குத் தவறாமல் சொல்லும் கதை. 2001 வரை இரண்டு நாட்கள் நடந்த தேர்வு பின்னர் ஒரே நாளுக்குள், 8 மணி நேரத்துக்குள் அடக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் பழைய ரவுட்டிங் அண்ட் சுவிட்சிங் பிரிவு இப்போதைய பெயரைப் பெற்றபோது தேர்வின் உருவமும் மாறி, முதல் 3 மணி நேரம் வடிவமைப்புப் பகுதி என்றும் அடுத்த 5 மணி நேரம் சாதனங்களில் செய்து காட்டும் பகுதி என்றும் இரண்டாகப் பிரிந்தது. இதற்குள் நுழைய, 400 டாலர் கட்டணமுள்ள, 120 நிமிடம் நடக்கும் என்கோர் எனப்படும் எழுத்துத் தேர்வில் முதலில் தேற வேண்டும். அதைப் பற்றிப் போதுமான அளவுக்குப் பலர் எழுதிவிட்டார்கள்.

வடிவமைப்புப் பகுதியில் ஒரு சாதனத்தைக்கூடத் தொட முடியாது. ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் எப்படி இருக்கிறது, அதை எதற்காக மாற்ற விரும்புகிறார்கள், யார் யாருக்கு என்ன மின்னஞ்சல் எழுதினார்கள் என்பதையெல்லாம் திரையில் வாசித்துவிட்டு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. கதை அடுத்தடுத்த கேள்விகளில் விரிந்துகொண்டே போவதால், முந்தைய விடை தவறு என்று பின்னால் புரிந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தொழில்நுட்பம் தெரிந்தவர்களில் பலர் இங்கேதான் இடறுகிறார்கள் என்பது என் கணிப்பு. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, வேலையில் ஆங்கிலக் கட்டளைகளோடு மட்டுமே புழங்கிய என்னைப் போன்றவர்களுக்கு இது ஆங்கில வாசிப்புத் தேர்வு போலவே தெரியும். அதை நியாயமில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் வாடிக்கையாளர் அனுப்பும் இரண்டு பக்க மின்னஞ்சலில் அவர் உண்மையில் கேட்பது எந்த ஒரு வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் இந்த வேலையின் பகுதிதானே?

இதற்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு ஆவணத்தையும் வாசிக்கும்போது நிபந்தனைகளை மட்டும் தனியே குறித்துக்கொண்டேன்: எதை மாற்றக் கூடாது, எந்தக் கிளைக்கு எத்தனை இணைப்பு, பணம் எங்கே இல்லை, எந்தப் பழைய சாதனத்தை இன்னும் ஓராண்டு வைத்திருந்தாக வேண்டும். விடைகளில் தொழில்நுட்ப அழகில் முதலிடம் பெறும் ஒன்று பெரும்பாலும் இந்த நிபந்தனைகளில் ஏதோ ஒன்றை மீறியிருக்கும். நம் சொந்த அனுபவத்தில் சிறந்தது என்று தோன்றுவதைத் தேர்ந்தெடுக்காமல், அந்தக் கற்பனை நிறுவனம் வைத்த வரம்புக்குள் எது அடங்குகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும் மனக்கட்டுப்பாடு வர எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. 3 மணி நேரத்துக்கு முன்பே முடித்தாலும் மிச்ச நேரம் அடுத்த பகுதியில் வந்து சேர்வதில்லை. எனவே இங்கே அவசரப்படுவதால் லாபம் ஒன்றுமில்லை. இரண்டு பகுதிகளிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்து, மொத்தத்திலும் தேர்ச்சி அளவைத் தாண்ட வேண்டும் என்பதால், ஒன்றில் விட்டதை மற்றொன்றில் முழுவதுமாக ஈடுகட்டிவிடலாம் என்ற கணக்கும் செல்லாது.

கொடுத்த பணத்துக்கு உண்மையான மதிப்பு இரண்டாவது பகுதியில்தான் இருக்கிறது. 5 மணி நேரம், ஒரு பெரிய நெட்வொர்க், ஒன்றையொன்று சார்ந்த பணிகள். முன்னும் பின்னும் போய்வரவும், விரும்பிய வரிசையில் செய்யவும் சுதந்திரம் உண்டு. ஒரு பணியில் ஐந்து நிபந்தனைகள் இருந்து நான்கை நிறைவேற்றினால் அந்தப் பணிக்குப் பாதி மதிப்பெண் கிடையாது, பூச்சியம்தான். இந்த ஒரே விதி தேர்வின் இயல்பையே தீர்மானித்துவிடுகிறது. நாற்பது விஷயங்களை அரைகுறையாகச் செய்தவரைவிட முப்பதை முழுமையாகச் செய்தவர் முன்னே நிற்பார். கேட்கக் கொடுமையாக இருந்தாலும், நள்ளிரவுப் பராமரிப்பு நேரத்தில் ஒரு வங்கியின் ரவுட்டரை மாற்றியமைத்த எவரும் இந்த விதியோடு சண்டை போட மாட்டார்.

முதல் முயற்சியில் நான் கேள்வியைத் திறந்ததும் கட்டளைகளைத் தட்டத் தொடங்கினேன். மூன்றாவது மணி நேரம் முடியும்போது பெரும்பாலான பணிகளை முடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன். நான்காவது மணி நேரத்தில் செய்த ஒரு பணி, காலையில் முடித்திருந்த இன்னொன்றை உடைத்துவிட்டது. அது உடைந்தது கடைசிப் பத்து நிமிடத்தில்தான் என் கண்ணில் பட்டது. வேறு எவையெல்லாம் உடைந்திருக்கும் என்று தேட நேரம் இல்லை. குற்றம் முழுவதும் என்னுடையது.

இரண்டாம் முயற்சியில் 300 நிமிடங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். முதல் 25 நிமிடம் விசைப்பலகையைத் தொடாமல் எல்லாப் பணிகளையும் வாசித்து, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று தாளில் அம்புக்குறி போட்டுக்கொள்வது. கடைசி 60 நிமிடம் புதிதாக எதையும் செய்யாமல் சரிபார்ப்பது மட்டும். மிச்சம் இருக்கும் 215 நிமிடத்தில் வேலை. வாசிக்கும்போது 25 நிமிடம் வீணாவது போல வயிற்றைக் கலக்கும், பக்கத்து மேசையில் விசைப்பலகை படபடவென்று ஒலிப்பதைக் கேட்டால் இன்னும் கலக்கும். ஆனால் 14ஆம் பணியில் வரப்போகும் ஒரு நிபந்தனையை அறியாமல் 3ஆம் பணியைச் செய்து, பிறகு அதைக் கலைத்துவிட்டு மறுபடி செய்வதற்கு ஆகும் நேரம் அதைவிட அதிகம். 15 நிமிடத்தில் பிடிபடாத பணியைத் தாளில் வட்டமிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்றும் விதி வைத்திருந்தேன். அதன் மேல் வேறு பணிகள் நிற்கின்றன என்றால் மட்டும் விதிவிலக்கு. அடித்தளச் சுவிட்சில் டிரங்க், அதாவது பல நெட்வொர்க்குகளைச் சுமக்கும் பொது இணைப்பு, வேலை செய்யாதபோது மேலே பிஜிபி எனப்படும் பாதை அறிவிக்கும் நெறிமுறையைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை.

சரிபார்ப்பது என்றால் என்ன என்பதில்தான் பலருக்கும் குழப்பம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. ரவுட்டர்கள் தம்முள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைகளில் ஒன்று ஓஎஸ்பிஎஃப். இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே அதன் நெய்பர் உறவு, அதாவது அண்டை உறவு, முழுமையான ஃபுல் நிலைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒரு முனையின் நெட்வொர்க் வகை பிராட்காஸ்ட் என்றும் மறுமுனையின் வகை பாயிண்ட் டு பாயிண்ட் என்றும் அமைந்துவிட்டால், இரண்டு வகைக்கும் உயிரோடிருப்பதைச் சொல்லும் ஹலோ செய்தியின் இடைவெளி 10 விநாடி, செய்தி வராத அண்டையை இறந்ததாகக் கொள்ளும் டெட் இடைவெளி 40 விநாடி என்று ஒன்றாகவே இருப்பதால், உறவு எந்தத் தடையுமின்றி ஃபுல் ஆகிவிடும். பாதைப் பட்டியலான ரவுட்டிங் டேபிளில் மட்டும் வரவேண்டிய பாதைகள் வந்து சேரா. எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, இரு முனைகளிலும் பொருந்தாதபோது உறவு ஃபுல்லுக்கு முந்தைய எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே சிக்கிக்கொண்டு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். இந்தக் கோளாறோ சிரித்துக்கொண்டே ஏமாற்றும். எனவே நெய்பரைப் பார்த்தபின் ரவுட்டிங் டேபிளைப் பார்க்க வேண்டும். அதன்பின் கேள்வி சொல்லும் முனையிலிருந்து, கேள்வி சொல்லும் மூல முகவரியைக் கொடுத்துப் பிங் செய்ய (மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்க) வேண்டும். பாதை எதுவாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் வழியில் வரும் ரவுட்டர்களைக் காட்டும் டிரேஸ்ரூட்டும் போட வேண்டும். மூல முகவரி கொடுக்காமல் போடும் பிங் பதில் தந்தால் அதை நம்பவே கூடாது.

இன்னொன்று, ஒரே கோளாறுக்கு இரண்டு தீர்வுகள் இருக்கும்போது வரும் சிக்கல். கணினிகளுக்கு முகவரி வழங்கும் நெறிமுறை டிஹெச்சிபி. சுவிட்சில் அதைக் கண்காணிக்கும் டிஹெச்சிபி ஸ்நூப்பிங்கை இயக்கியதும், அது கோரிக்கைகளில் ஆப்ஷன் 82 என்ற தகவலைச் செருகி அனுப்பத் தொடங்குகிறது. ஆனால் கோரிக்கையை இடையில் நின்று கடத்தும் சாதனத்தின் ரிலே முகவரி இருக்க வேண்டிய இடம் பூச்சியமாகவே இருப்பதால், மேலே உள்ள சிஸ்கோ ரவுட்டர் அந்தக் கோரிக்கையைச் சந்தேகித்துத் தூக்கி எறிந்துவிடுகிறது. பயனர் கணினிக்கு முகவரி கிடைக்காது. சுவிட்சில் அந்தச் செருகலை நிறுத்தலாம். அல்லது மேலே உள்ள ரவுட்டரை அப்படிப்பட்ட கோரிக்கையை நம்பச் சொல்லலாம். இரண்டும் சரியான தீர்வுகளே, ஆனால் இரண்டில் ஒன்றைத் தடுக்கும் ஒரு சிறு வாக்கியம் பணி விவரத்தின் எங்கோ ஒரு மூலையில் இருந்தால், மற்றொன்று மட்டுமே மதிப்பெண் தரும். என் பயிற்சிப் பணிகளை நானே எழுதிக்கொண்டபோது, ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு தடையை வேண்டுமென்றே நுழைத்துவைத்தேன். ஒரு மாதம் கழித்து அதே பணியைத் திறந்து, நான் வைத்த கண்ணியில் நானே மாட்டிக்கொண்ட நாட்களும் உண்டு.

முன்னால் செய்ததைப் பின்னால் உடைக்கும் ஆபத்து பாதுகாப்புப் பணிகளில்தான் மிகுதி. ஓர் இடைமுகத்தில் உள்வரும் போக்குவரத்தை வடிகட்டும் அக்சஸ் லிஸ்ட் ஒன்றை வைத்துவிட்டு ஓஎஸ்பிஎஃப்புக்கான 89ஆம் புரோட்டோகாலையோ, பிஜிபிக்கான 179ஆம் டிசிபி போர்ட்டையோ, இணைப்பு அறுந்ததை விரைவில் கண்டறியும் பிஎஃப்டிக்கான 3784ஆம் யுடிபி போர்ட்டையோ அனுமதிக்க மறந்தால், உறவுகள் உடனே விழாமல் சில விநாடிகளோ சில நிமிடங்களோ கழித்தே விழலாம்; சிஸ்கோவில் பிஜிபியின் இயல்பான ஹோல்ட் நேரம், அதாவது செய்தி வராமல் காத்திருக்கும் நேரம், 180 விநாடி என்பதால், அதற்குள் நாம் அடுத்த பணிக்குப் போயிருப்போம். அதனால் பாதுகாப்புப் பணிகளைச் சரிபார்ப்பு நேரத்துக்குச் சற்று முன்பாக வைத்துக்கொள்வதும், ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்று நிமிடம் பொறுத்து எல்லா நெய்பர்களையும் ஒருமுறை பார்ப்பதும் எனக்கு உதவின. கான்ஃபிகை, அதாவது சாதன அமைப்புகளை, அடிக்கடி சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது சிறுபிள்ளைக்குச் சொல்வது போலிருக்கும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

பாடத்திட்டத்தின் எடைகள் வெளிப்படையானவை: நெட்வொர்க் உள்கட்டமைப்புக்கு 30 விழுக்காடு, மென்பொருள்வழி உள்கட்டமைப்புக்கு 25, டிரான்ஸ்போர்ட் தொழில்நுட்பங்களுக்கும் பாதுகாப்புக்கும் தானியக்கத்துக்கும் தலா 15. பழைய ரவுட்டிங் ஆட்கள் அந்த 25ஐயும் கடைசி 15ஐயும் கண்டு அஞ்சுகிறார்கள். தானியக்கத்தைப் பொறுத்தவரை அந்த அச்சம் தேவையற்றது. நிரலாளர் ஆக வேண்டிய அவசியம் இல்லை. பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தைக் கொண்டு ஒரு தகவலைக் கேட்டு வாங்கவும், வரும் ஜேசன் வடிவப் பதிலில் அடைப்புக்குறிகளுக்குள் புகுந்து வேண்டிய மதிப்பை எடுக்கவும், சாதனங்களை நிரல்வழி மாற்ற உதவும் நெட்கான்ஃப், ரெஸ்ட்கான்ஃப் வழியே ஒரு இடைமுகத்தை மாற்றவும், ஒரு நிகழ்வு நடந்ததும் சாதனத்துக்குள்ளேயே தானாக இயங்கும் ஈஈஎம் ஆப்லெட் ஒன்றை எழுதவும் கை பழகியிருந்தால் போதும். தினம் அரை மணி நேரம் என்று மூன்று மாதம் ஒதுக்கினால், பழைய ரவுட்டிங் நுணுக்கங்களில் கடைசி மதிப்பெண்ணைத் துரத்துவதைவிட இதில் அதிகம் தேறும்.

மென்பொருள்வழிப் பகுதியில்தான் இந்தத் தேர்வின் மீது எனக்கு உண்மையான மனக்குறை. கிளைகளை இணைக்கும் நெட்வொர்க்கை மென்பொருளால் ஆளும் எஸ்டி-வானின் கட்டுப்பாட்டு மென்பொருட்களை நல்ல நினைவகமுள்ள பழைய சர்வர் ஒன்றில் எப்படியாவது ஓட்டிவிடலாம். ஆனால் அலுவலக நெட்வொர்க்கை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் டிஎன்ஏ சென்டர், அதாவது இப்போது கேட்டலிஸ்ட் சென்டர் என்று பெயர் மாற்றப்பட்டிருப்பது, 256 ஜிபி நினைவகம் கேட்கும் பூதம்; அதை வீட்டில் வைத்துப் பழகுவது நடுத்தர வருமானக்காரருக்கு ஆகாத காரியம். சிஸ்கோவின் டெவ்நெட் சாண்ட்பாக்ஸ் இலவசமாகத் தரும் சூழல்கள் திரைகளைப் பழகவும் ஏபிஐ அழைப்புகளை (நிரல்வழிக் கோரிக்கைகளை) முயன்று பார்க்கவும் போதுமானவை. முழு ஃபேப்ரிக்கை, அதாவது அந்த மென்பொருள் ஆளும் நெட்வொர்க்கை, கட்டிப் பழக யாரிடமாவது நேரக் கணக்கில் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பெரிய நிறுவனத்தில் வேலை செய்பவருக்கும் சிறிய ஊரில் ஒரு இணையச் சேவை நிறுவனத்தில் வேலை செய்பவருக்கும் இடையே இந்தத் தேர்வு இங்கே ஒரு பள்ளத்தை வெட்டிவைத்திருக்கிறது.

மற்றப் பகுதிகளுக்குப் பயிற்சிச் செலவு அதிகமில்லை. நெட்வொர்க்கைக் கணினிக்குள்ளேயே பாவனை செய்யும் சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் தனிநபர் பதிப்பு ஆண்டுக்கு 199 டாலருக்கு 20 சாதனங்கள் வரை இயக்கவிடுகிறது. சாதனங்களுக்குரிய மென்பொருளும் அதிலேயே வந்துவிடுவதால், இதே வேலையைச் செய்யும் ஈவ்-என்ஜியிலோ ஜிஎன்எஸ்3இலோ இருக்கும் ‘அந்த மென்பொருளை எங்கே போய் வாங்குவது’ என்ற தலைவலி இல்லை. 5 சாதனங்களோடு நின்றுகொள்ளும் இலவசப் பதிப்பும் உண்டு, ஒரு தொழில்நுட்பத்தைத் தனியாகப் பிரித்துப் படிக்க அது தாராளமாகப் போதும். நான் முதலில் இதையெல்லாம் செய்யாமல் ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். ‘இதுதான் தேர்வில் வரும்’ என்று ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து, கட்டளைகளை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். நேர்மையைப் பற்றிய கேள்வியைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு முகவரி மாறினால்கூடத் திணறிப்போகும் ஆட்களைத்தான் அந்த முறை உருவாக்கியது. நானும் அதில் ஒருவனாக நான்கு மாதம் இருந்தேன்.

தேர்வின்போது சிஸ்கோவின் அதிகாரபூர்வ ஆவணங்களைப் பார்க்க அனுமதி உண்டு. அதை ஒரு ஆறுதலாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அரிதாகப் பயன்படும் ஒரு கட்டளையின் சரியான வடிவத்தைத் தேடி எடுக்க இரண்டு நிமிடம் செலவழிக்கலாம். ஒரு தொழில்நுட்பத்தை அங்கே உட்கார்ந்து கற்க முயன்றால் அன்றைய நாள் முடிந்தது. எந்தத் தலைப்பு எந்தக் கையேட்டின் எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று தேடுபொறி இல்லாமல் போய்ப் பழகியவருக்கே அந்த இரண்டு நிமிடம் இரண்டு நிமிடமாக இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்குப் பெங்களூர் மையம் அருகில் இருப்பது பெரிய வசதி. கடுபீசனஹள்ளியில், வெளிவட்டச் சாலையை ஒட்டிய செஸ்னா பிசினஸ் பார்க் வளாகத்தில் அது இருக்கிறது. இரவு ரயிலில் போய் இறங்கி நேராகத் தேர்வுக்குப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஊரின் மறுகோடியில் இருக்கும் ரயில் நிலையத்திலிருந்து காலை நேர வெளிவட்டச் சாலையைக் கடப்பது தனியே ஒரு தேர்வு. முந்தைய நாளே போய், நடந்து போகும் தூரத்தில் தங்கி, இரவு எதையும் படிக்காமல் தூங்கியது இரண்டாம் முறை நான் செய்த புத்திசாலித்தனம். 8 மணி நேரத்தின் கடைசிப் பகுதியில் மூளை ஒரே வரியை மூன்று முறை வாசிக்கும் நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பழக, கடைசி இரண்டு மாதத்தில் ஒவ்வொரு ஞாயிறும் காலையிலிருந்து மாலைவரை இடைவெளி விடாமல் முழு நீளப் பயிற்சி செய்தேன். வீட்டில் இருப்பவர்களின் பொறுமையும் தேர்வுச் செலவில் சேரும்.

முடிவு மின்னஞ்சலில் வருகிறது. தோற்றவருக்கு ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை விழுக்காடு என்று மட்டும் ஒரு அறிக்கை கிடைக்கும். எந்தப் பணி தவறியது, ஏன் தவறியது என்று ஒரு சொல்லும் இருக்காது. கேள்விகளைக் காக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது என்றாலும், இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு இவ்வளவு சிக்கனமாகப் பேசுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எனவே தேர்வறையை விட்டு வெளியே வந்த அன்று மாலையே, எந்தத் தலைப்பில் கை நடுங்கியது, எங்கே நேரம் போனது என்பதை உங்களுக்காக மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முயற்சிக்கு அந்த அறிக்கையைவிட அதுவே உதவும். தேறியவருக்கும் செலவு அத்தோடு முடிவதில்லை. 3 ஆண்டுக்கு ஒருமுறை, தேர்வு எழுதியோ 120 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தோ சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு இதை வாங்கலாமா என்றால், நெட்வொர்க் வேலையில் ஐந்தாறு ஆண்டு கை நனைத்தவருக்கு வாங்கலாம் என்றே சொல்வேன். கல்லூரியிலிருந்து நேராக வருபவர் அந்தப் பணத்தில் ஒரு பழைய சர்வரை வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொள்ளட்டும். தேதியை முன்பதிவு செய்வதற்கு நான் வைத்த அளவுகோல் ஒன்றுதான். இதற்கு முன் பார்த்திராத ஒரு 5 மணி நேரப் பயிற்சித் தாளை நண்பர் ஒருவரிடம் தயாரித்துத் தரச் சொல்லி, அதை 4 மணி நேரத்தில் முடித்து, மிச்ச 1 மணி நேரத்தில் என் தவறுகளை நானே கண்டுபிடித்துத் திருத்தியிருக்க வேண்டும். அவர் பிறகு திருத்தும்போது புதிதாகக் கண்டுபிடிப்பது இரண்டு பணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. இது அடுத்தடுத்து இரண்டு வாரம் நடக்க வேண்டும். அது நடக்கும்வரை பணம் கட்டவில்லை.